நம்ம சைக்கிள்: ரோட்டிலும் ஸ்டாண்டிலும்



நம்ம பள்ளி சைக்கிள் ஸ்டாண்டைப் பாருங்க. ஒரே நிறம், ஒரே கேரியர், ஒரே பூட்டு. தமிழ்நாட்டில் இலவச சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது. 2005-06இல் மற்ற மேல்நிலை மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பஸ் வராத ஊரிலிருந்து படிக்க வருகிறவர்களுக்கு இந்தச் சைக்கிள்தான் கால். தொலைந்துபோனால் வீட்டில் பல நாள் கூலி போய்விடும். அதனால் இரண்டு விஷயம் தெரிந்துகொள்வோம்.

முதல் பாடம்: ரோட்டில்

1. எப்போதும் இடது ஓரம். ரோட்டைத் தாண்டச் சோம்பல்பட்டு வலது ஓரமாகவே சிலர் வருகிறோம். இயற்பியலில் படித்த சார்புத் திசைவேகத்தை இங்கே போட்டுப் பாருங்க. நம்ம வேகம் மணிக்கு 15 கி.மீ., பைக்கின் வேகம் 45 கி.மீ. என்றால், ஒரே திசையில் போகும்போது வித்தியாசம் 30. எதிரெதிரே வந்தால் 60! அதாவது ஒரு நொடிக்கு சுமார் 17 மீட்டர். யோசிக்கவே நேரம் இருக்காது.

2. பஸ், லாரிக்கு இடப்பக்கம் நுழையாதீங்க. பெரிய வண்டி இடது பக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நடுவில் இருப்பவர் மாட்டிக்கொள்வார். பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் நமக்குத் தெரியலைன்னா, அவருக்கும் நாம் தெரியலைன்னு அர்த்தம்.

3. திரும்புமுன் பின்னால் பார்த்து, கை காட்டுங்க. வலது பக்கம் திரும்ப வலது கை, இடது பக்கம் திரும்ப இடது கை. பெரிய ரோட்டைக் கடக்க, இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

4. மழையில் பிரேக் கட்டை நனைந்தால் சட்டென்று பிடிக்காது. முன்கூட்டியே மெதுவாகப் பிடியுங்க. இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் தலைகுப்புற விழ நேரிடும்.

5. சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் போகிறவர்கள், பின் மட்கார்டில் உள்ள சிவப்பு ரிஃப்ளெக்டரைத் துடைத்து வையுங்க. சேறு படிந்திருந்தால் வெளிச்சம் திரும்பாது. துப்பட்டாவையும் பை வாரையும் சக்கரத்தில் சிக்காமல் கட்டிக்கொள்ளுங்க.

6. டிரிபிள்ஸ், போன் பேசிக்கொண்டு ஓட்டுவது, டிராக்டரைப் பிடித்துக்கொண்டு போவது மூன்றும் வேண்டவே வேண்டாம். அடிபட்டால் 108க்குக் கூப்பிடுங்க.

இரண்டாம் பாடம்: ஸ்டாண்டில்

பின்சக்கரப் பூட்டு, சக்கரம் சுற்றாமல் மட்டும் தடுக்கும். வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது. சில நேரம் ஒருவர் சாவி இன்னொருவர் பூட்டையும் திறந்துவிடும். அதனால் ஒரு சங்கிலிப் பூட்டு வாங்கி, ஃபிரேமையும் சக்கரத்தையும் சேர்த்து ஒரு கம்பத்தோடு பூட்டுங்க. கம்பம் இல்லையா? நண்பர் வண்டியோடு சேர்த்துப் பூட்டலாம். "ரெண்டே நிமிஷம்தானே" என்று கடை வாசலில் சாவியோடு விடாதீங்க.

முக்கியமானது ஃபிரேம் நம்பர். சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலோ, பெடல் அச்சுக்கு அடியிலோ அது குத்தப்பட்டிருக்கும். துணியால் துடைத்தால் தெரியும். ஒரே மாதிரி நூறு வண்டி இருந்தாலும் "இது என்னுது" என்று நிரூபிப்பது அந்த நம்பர்தான். பெயிண்டில் எழுதிய பேரை அழிக்கலாம், இதை அழிப்பது கஷ்டம். இன்னொரு யோசனை: பேர், வகுப்பு எழுதிய சீட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி சீட்டுக் குழாய்க்குள் போட்டு வைக்கலாம்.

வண்டி காணவில்லை என்றால் உடனே யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீங்க. யாராவது மாற்றி எடுத்துப் போயிருக்கலாம். முதலில் ஸ்டாண்டில் தேடி, ஆசிரியரிடம் சொல்லுங்க. கிடைக்காவிட்டால் பெற்றோருடன் காவல் நிலையம் போய், ஃபிரேம் நம்பருடன் மனு எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்க. மலிவாகக் கிடைக்கிறதே என்று ரசீது இல்லாத பழைய வண்டியை வாங்காதீங்க. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம்.

இன்றைய வீட்டுப்பாடம்: சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஃபிரேம் நம்பரைத் தேடி மூன்று இடத்தில் எழுதுங்க: உங்க நோட்டு, அம்மாவின் ரேஷன் கார்டு கவர், வகுப்புத் தலைவரிடம் உள்ள பட்டியல்.

ரோட்டில் நாம் தெரியணும். ஸ்டாண்டில் நம்ம வண்டி தெரியணும்!

– 11ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு