கல்யாணக் கேசட்டைக் கடைசியில் போடுங்கள்

மானாம்பதியிலும் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்திலும் 1990களில் நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து என்று வீடியோ எடுத்ததெல்லாம் பெரும்பாலும் விஎச்எஸ் கேசட்டில்தான் இருக்கிறது. பரணிலும் பீரோவுக்கு மேலேயும் அவை இன்னும் கிடக்கின்றன. அவற்றை ஓட்டும் விசிஆர் எனும் டெக்கின் தயாரிப்பைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனி கிடைப்பது பழைய டெக்தான். வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொண்டுவந்ததாக இருக்கலாம், வாடகைக்கு டிவி-டெக் விட்டவர் வீட்டில் மிச்சமிருப்பதாக இருக்கலாம்.

டெக் கைக்கு வந்ததும் கல்யாணக் கேசட்டைத்தான் முதலில் உள்ளே தள்ளத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பல வருஷம் ஓடாத டெக்கில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், ரோலை இழுக்கும் ரப்பர் உருளை இறுகிப்போயிருக்கும். உள்ளே போன ரோல் சிக்கிக் கசங்கிவிட்டால் அந்த இடத்தில் படம் பழையபடி வராது. போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு சினிமாக் கேசட்டைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை எல்லாம் அதில் நடக்கட்டும்.

பிளக்கைச் செருகுமுன் டெக்கின் பின்பக்கம் என்ன வோல்ட் போட்டிருக்கிறது என்று படியுங்கள். 220 அல்லது 110-240 என்றிருந்தால் நம் வீட்டு மின்சாரத்துக்குச் சரி. அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த டெக்கில் 120 அல்லது 100 மட்டும் இருக்கும். அதை நேராகச் செருகினால் புகைந்துவிடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

அடுத்து, ரோலிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட். டெக் மூடியைக் கழற்றினால் சற்றுச் சாய்ந்த நிலையில் பளபளவென்று ஒரு உலோக உருளை தெரியும். அதன் விளிம்பில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் ஹெட் பதிந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நூல் உதிராத மெல்லிய துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை நனைத்து, துணியை உருளைமேல் அசையாமல் வைத்துக்கொண்டு, மறு கையால் உருளையைச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். காதுக் குச்சிப் பஞ்சு வேண்டாம், அதன் நூல் ஹெட்டில் மாட்டிக்கொள்ளும். கால் மணி நேரமாவது காயவிட்டு மூடியைப் போடுங்கள். இதில் கைநடுக்கம் இருந்தால் பழைய டிவி சர்வீஸ்காரரிடம் கொடுப்பதே நல்லது.

இனி டிவி. டெக்கின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று ஏவி துளைகள் இருக்கும். மஞ்சள் படம், வெள்ளை இடப்பக்க ஒலி, சிவப்பு வலப்பக்க ஒலி. பல டெக்குகளில் ஒலிக்கு ஒரே துளைதான் உண்டு, அதை டிவியின் வெள்ளையில் மாட்டினால் போதும். கவனிக்க வேண்டியது, டெக்கில் 'அவுட்', டிவியில் 'இன்'. படம் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். பிறகு ரிமோட்டில் சோர்ஸை ஏவிக்கு மாற்றுங்கள்.

2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த 14 அங்குல இலவசக் கலர் டிவி உங்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருந்தால், டெக்குக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை என்பேன். பழைய குழாய் டிவி, கேசட்டின் ஆட்டத்தையும் கீற்றையும் பொறுத்துக்கொண்டு படத்தைக் காட்டும். புது எல்ஈடி டிவி, சிக்னல் கொஞ்சம் தடுமாறினாலும் நீலத் திரையைப் போட்டுவிடும்.

ஏவி துளையே இல்லாத பழைய டிவி என்றால், டெக்கின் 'ஆர்எஃப் அவுட்'டிலிருந்து டிவியின் ஆன்டெனா துளைக்கு ஒயர் கொடுத்து, கேசட்டை ஓடவிட்டபடி டிவியில் சேனல் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலான டெக்குகளின் படம் யுஎச்எஃப் 36ஆம் சேனலையொட்டிக் கிடைக்கும். படம் சற்று மங்கலாகத்தான் இருக்கும்.

புது டிவிகளில் மூன்று துளைக்குப் பதில் இயர்போன் மாட்டுவது போன்ற ஒற்றை ஏவி துளை இருக்கலாம். அதற்குத் தனி ஒயர் உண்டு. எல்லா ஒயரும் ஒரே மாதிரி இல்லை. மஞ்சளில் படத்துக்குப் பதில் இரைச்சல் வந்தால், டெக்கின் மஞ்சள் பின்னைச் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள், ஒன்றில் படம் வந்துவிடும். சில டிவிகளில் பச்சைத் துளைதான் மஞ்சளுக்கும். அப்போது சோர்ஸில் 'காம்போனென்ட்' என்பதைத் தேர்ந்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், 'ஏவி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏவி துளையே இல்லாமல் எச்டிஎம்ஐ மட்டும் என்றால் மாற்றிப் பெட்டி வாங்க வேண்டும். காஞ்சிபுரம் கடையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கேட்கும்போது 'ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு' என்று அழுத்திச் சொல்லுங்கள். எதிர்த்திசைப் பெட்டியும் அதே உருவத்தில், அதே நிறத்தில் விற்கிறது.

படம் வந்ததும் திரை அகலத்தை 4:3க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் மாப்பிள்ளை பெண் இருவரும் அகலமாகத் தெரிவார்கள். அடியில் கோடு ஓடினால் டெக்கின் டிராக்கிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். அமெரிக்காவில் பதிவான கேசட் என்டிஎஸ்சி முறை, நம்முடையது பால் முறை. பால் மட்டும் தெரிந்த டெக்கில் அது ஒழுங்காக வராது, கேசட்டைக் குறை சொல்ல வேண்டாம். சிங்கப்பூர், மலேசியா, துபாய்க் கேசட்டுகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

செட்டாப் பாக்ஸிலிருந்து பதிவு செய்ய, பாக்ஸின் ஏவி அவுட்டை டெக்கின் 'இன்'னில் கொடுத்து, டெக்கில் லைன் அல்லது ஆக்ஸ் என்பதைத் தேர்ந்தால் முடிந்தது. ஆனால் கேசட்டில் புதிதாகப் பதிவதைவிட, இருப்பதை வெளியே எடுப்பதுதான் இன்றைய தேவை.

அதற்கு, டெக்கின் படத்தை லேப்டாப்புக்குள் எடுக்கும் யுஎஸ்பி கேப்சர் குச்சி ஒன்றும் லேப்டாப் ஒன்றும் போதும். 2011 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தால் அதிலேயே முயன்று பாருங்கள். டெக்கின் ஏவி அவுட்டைக் குச்சிக்குக் கொடுங்கள். பெரும்பாலான டெக்குகளில் ஆர்எஃப் அவுட்டும் அதே நேரத்தில் வேலை செய்யும் என்பதால், டிவியை அதில் மாட்டிவிட்டால் வீட்டார் டிவியில் பார்க்கப் பார்க்க லேப்டாப்பில் பதிவாகிக்கொண்டிருக்கும். ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில் பால், 720க்கு 576, வினாடிக்கு 25 படம் என்று வையுங்கள். ஒலியைத் தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். ஊமைப் படமாகப் பதிவாவது பெரும்பாலும் இதை விட்டுவிடுவதால்தான். கோப்பை எம்கேவி வடிவில் பதியச் சொல்லுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது கெடாது, பிறகு எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

சினிமாக் கேசட்டில் ஐந்து நிமிஷம் பதிந்து, படமும் குரலும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்த்த பிறகு கல்யாணக் கேசட்டை எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி வழியாக ரோலின் ஓரத்தைப் பாருங்கள். மாவு தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. டெக்கில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்து மாற்றித் தரும் ஸ்டுடியோவிடம்தான் கொடுக்க வேண்டும். சுத்தமாக இருந்தால், முதுகுப் பக்கம் இடது மூலையில் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள், கைதவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. முழுக்க முன்னே ஓட்டி, முழுக்கப் பின்னே சுற்றுங்கள். ஒட்டியிருக்கும் சுற்றுகள் பிரிந்துகொள்ளும். பிறகு முதலிலிருந்து பதியுங்கள், நடுவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டாம்.

வினாடிக்கு 8 மெகாபிட் தரத்தில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 3.6 ஜிபி பிடிக்கும், 3 மணி நேரக் கேசட்டுக்கு 11 ஜிபி. ஃபேட்32 முறையில் உள்ள பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கோப்புக்கு யார் கல்யாணம், எந்த ஊர், எந்த வருஷம் என்று பெயர் வையுங்கள். ஒரு பிரதி பிள்ளை வீட்டில், ஒரு பிரதி பெண் வீட்டில் இருக்கட்டும். கூத்துக் கேசட் என்றால் ஆடியவர் குடும்பத்துக்கும் ஒன்று கொடுங்கள், அவர்களிடம் பெரும்பாலும் இருக்காது. கேசட்டைத் தூக்கிப் போடாமல், முழுக்கச் சுற்றி, ஸ்பீக்கர் பக்கத்தில் இல்லாமல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.