பாரந்தூக்கியும் கைச் சைகையும்

பாரந்தூக்கியை ஓட்டுபவர் கூண்டில் அமர்ந்திருக்கிறார். சுமையின் மறுபக்கம் அவர் கண்ணுக்குத் தெரியாது; சில வேளைகளில் சுமையே தெரியாது. கீழே நிற்கும் இருவரை நம்பித்தான் அவர் விசையை இழுக்கிறார். ஒருவர் சுமையைக் கட்டுபவர். மற்றவர் சைகை காட்டுபவர். ரயில்வேயில் கலாசி என்ற பழைய பெயர் உண்டு. இன்றைய கட்டட வேலைகளில் ரிக்கர், சிக்னல்மேன் என்கிறார்கள். ஓட்டுபவரிடம் உரிமம் கேட்கிறோம். நேற்று மண் சுமந்தவரிடம் இன்று சங்கிலியைக் கொடுத்துக் கட்டச் சொல்வது மட்டும் நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது!

வேலூர்ப் பக்கமிருந்து பாகாலாவில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. ரயில் சந்திப்பும் கருங்கல் வேலையும் உள்ள நாடு அது; சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பச்சைக் கல் கட்டடக்காரர்கள் நன்கறிந்த ஒன்று. ஆகவே கல்லையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கல்லின் எடையைக் கண்ணால் மதிப்பது ஆபத்து, அளவுநாடா போதும். 2.5 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரமுள்ள கல்லின் கன அளவு 4.5 கன மீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன். ஆக இக்கல் 12 டன்னுக்குச் சற்று மிகுதி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்தப் பெருக்கலை ஒரு மணி நேரத்தில் கற்பிக்கலாம்.

இனித்தான் பலர் அறியாத செய்தி வருகிறது. இக்கல்லை இரண்டு கம்பி வடங்களால் கட்டித் தூக்குகிறோம் என்க. ஆளுக்குப் பாதி, அதாவது வடத்திற்கு 6 டன் என்று எண்ணுவோம். வடங்கள் செங்குத்தாக நின்றால் அது சரி. சாய்ந்தால் சரியன்று. வடம் கிடைக்கோட்டுடன் 60 பாகைக் கோணத்தில் இருந்தால் ஒவ்வொன்றிலும் இழுவிசை 7 டன் அளவாகும். 45 பாகையில் எட்டரை டன். 30 பாகையில் 12 டன்! கல்லின் முழு எடையையும் ஒவ்வொரு வடமும் தனித்தனியே தாங்க வேண்டியதாகிறது. விசைகளின் இணைகரத்தை நாம் தேர்வுக்காகப் படிக்கிறோம். அங்கே ஒருவர் அதன் கீழே நிற்கிறார்.

கோணமானி இல்லாத இடத்தில் என்ன செய்வது? எளிய வழி உண்டு. கட்டுமிடங்கள் இரண்டுக்கும் உள்ள இடைத்தூரத்தை விட ஒவ்வொரு வடத்தின் நீளமும் குறையாமல் இருக்கட்டும். மூன்று பக்கமும் சமமானால் கோணம் 60 பாகை. வடம் அதைவிட நீண்டால் இன்னும் நல்லது. வடம் போதவில்லையே என்று குட்டையான வடத்தை விரித்துக் கட்டுவதுதான் கேடு.

பாரந்தூக்கி கவிழ்வதற்குக் காரணம் எடை மட்டுமன்று, தொலைவும்தான். 4 மீட்டர் தொலைவில் 12 டன் தூக்குவதும், 8 மீட்டர் தொலைவில் 6 டன் தூக்குவதும் ஒரே திருப்புத்திறன். கையின் சொந்த எடையைச் சேர்த்தால் இரண்டாவதே மிகுதி. ஒரு சக்கரம் மண்ணில் புதைந்து கை சாய்ந்தாலும் இத்தொலைவு கூடும். 2023 ஜனவரி 22 அன்று அரக்கோணத்தை அடுத்த கீழ்வீதியில், மண்டியம்மன் கோயில் விழாவில், மாலை வாங்குவதற்காக ஆட்களை ஏற்றியிருந்த பாரந்தூக்கி கவிழ்ந்து நால்வர் மாண்டனர். அங்கே யார் பிழை என்று தீர்ப்பது என் வேலையன்று. சரக்குத் தூக்கும் கொக்கியில் மனிதரை ஏற்றலாகாது என்று உரக்கச் சொல்லும் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தூக்கு கருவிகளை 12 மாதத்துக்கு ஒருமுறையேனும் தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டுமென்றும், ஓடும் பாரந்தூக்கி தன் பாதையருகே வேலை செய்வோரை 6 மீட்டருக்குள் நெருங்கலாகாதென்றும் விதித்தது.

சைகைக்கு வருவோம். எங்கள் பக்கத்துக் கல்வேலையில் தெலுங்கரும் தமிழரும் வடநாட்டாரும் கலந்து நிற்பர். தெலுங்கில் ‘ஆபு’ என்றால் நிறுத்து. தமிழ்க் கல்தச்சர் காதில் அது ‘ஆப்பு’ என்று விழுந்தால் உளியும் சம்மட்டியுமே நினைவுக்கு வரும்! இயந்திர இரைச்சலில் எந்த மொழியும் உதவாது. முன்கையை நிமிர்த்திச் சுட்டுவிரலால் மேல்நோக்கி வட்டமிட்டால் தூக்கு. கையைத் தாழ்த்தி விரலைக் கீழ்நோக்கி வட்டமிட்டால் இறக்கு. கையை நீட்டி உள்ளங்கை கீழ்நோக்க, முன்னும் பின்னும் வீசினால் நிறுத்து. சைகை காட்டுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். ‘நிறுத்து’ என்பதற்கு மட்டும் விலக்கு: அதை யார் காட்டினாலும், தேநீர் கொண்டுவரும் பையன் காட்டினாலும், ஓட்டுபவர் நிறுத்தியாக வேண்டும். சைகை காட்டுபவர் கண்ணில் படவில்லையென்றாலும் அப்படியே.

இவற்றைக் கற்பிக்கப் பெரிய கூடம் வேண்டா. 10 லிட்டர் தண்ணீர் வாளி ஒன்று, வில் தராசு இரண்டு, கயிறு கொஞ்சம். இருவர் தராசுகள் வழியாக வாளியைத் தூக்கிப் பிடிக்கட்டும். நெருங்கி நிற்கும்போது முள் 5 கிலோவைக் காட்டும். மெல்ல விலகச் சொல்லுங்கள். முள் 7, 8, 10 என்று ஏறும், தோளும் கடுக்கும். பிறகு இயந்திரத்தை அணைத்துவிட்டு, சைகை காட்டுபவரைக் கூண்டில் ஏற்றி, ஓட்டுபவரைக் கீழே நின்று சைகை செய்யச் சொல்ல வேண்டும். சூரியன் எதிரே சாயும் மாலை ஐந்து மணிக்கு இதைச் செய்தால், தாம் எந்தப் பக்கம் நிற்கலாகாது என்பதை அவரே கண்டுகொள்வார்.