வாகனத் தகடுகளில் ரிவெட் நட்டு: தேர்வும் பொருத்தும் முறையும்

மோட்டார் வாகனங்களின் மேற்கூடு பெரும்பாலும் மெல்லிய எஃகுத் தகடுகளால் ஆனது. அத்தகடுகளின் கனம் பல வாகனங்களில் ஏறத்தாழ 0.7 முதல் 1 மில்லிமீட்டர் வரையே இருக்கும். கிராமப் பணிக்குச் செல்லும் வாகனமொன்றில் முதலுதவிப் பெட்டியையோ தீயணைப்புக் கருவியையோ தாங்கும் சட்டத்தைப் பொருத்த வேண்டுமாயின், போல்ட்டைப் பற்றிக்கொள்ளும் மரை ஒன்று தேவை. எம் 6 போல்ட்டில் அடுத்தடுத்த மரைகளுக்கு இடையேயுள்ள தூரம் 1 மி.மீ. ஆகும். ஆகவே, 0.8 மி.மீ. தகட்டில் மரை வெட்டினால் ஒரு முழுச் சுற்றுக்கூட அமையாது. அத்தகைய மரை பளுவைத் தாங்காது என்பது வெளிப்படை.

தகட்டின் பின்புறம் கை நுழையுமாயின், வாஷருடன் கூடிய சாதாரண நட்டே போதும், அதுவே சிறந்ததுமாகும். ஆனால் பெட்டி வடிவக் குறுக்குச் சட்டங்களிலும், இரட்டைத் தகட்டுச் சுவர்களிலும் பின்புறம் எட்டாது. இக்குறையைத் தீர்ப்பதே ரிவெட் நட்டு. 1930-களில் அமெரிக்காவின் பி. எப். குட்ரிச் நிறுவனம், விமான இறக்கைகளில் படியும் பனிக்கட்டியை அகற்றும் ரப்பர் உறைகளைப் பொருத்துவதற்காக இதனை உருவாக்கியது. பின்னர் இது வாகனத் தொழிலிலும் பரவியது.

இயங்கும் முறை

ரிவெட் நட்டு என்பது ஒரு முனையில் விளிம்பும், மறுமுனையின் உட்புறத்தில் மரையும் உடைய சிறு குழாய். துளையில் செருகிய பின், கருவியின் மரைத்தண்டு அதன் உட்பகுதியை முன்னோக்கி இழுக்கிறது. அப்போது மரையற்ற நடுப்பகுதி தகட்டின் பின்னே புடைத்து மடிகிறது. விளிம்புக்கும் இம்மடிப்புக்கும் இடையே தகடு இறுகப் பிடிக்கப்படுகிறது. வழவழப்பான உடலுடைய நட்டில் இப்பிடிப்பைத் தவிர நட்டு சுழலாமல் தடுப்பது வேறொன்றுமில்லை. ஆதலின் துளையின் அளவே இவ்வேலையின் உயிர்நிலை எனலாம்.

தேர்வு

தேர்வில் கருத வேண்டியவை நான்கு. முதலாவது, பிடிகனம். ஒவ்வொரு நட்டும் இன்ன கனம் முதல் இன்ன கனம் வரையுள்ள தகட்டுக்கே உரியது; வண்ணப்பூச்சையும் சேர்த்துக் கனத்தை அளந்து, அவ்வெல்லைக்குள் அமையும் நட்டையே கொள்ள வேண்டும். இரண்டாவது, உடலின் வடிவம். வழவழப்பான உடலைவிட வரி வெட்டிய உடல் சுழற்சியை நன்கு எதிர்க்கும். அறுகோணத் துளையில் பொருந்தும் அறுகோண உடல் அதனினும் உறுதியானது. மெல்லிய தகட்டுக்கு அகன்ற விளிம்பு ஏற்றது. மூன்றாவது, உலோகம். எஃகுத் தகட்டுக்குத் துத்தநாகம் பூசிய எஃகு நட்டு பொதுவாகப் பொருந்தும். அலுமினிய நட்டின் மரை வலுவிற் குறைந்தது. அன்றியும், இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டு நிற்குமிடத்து மின்வேதி அரிப்பு நேரும். நான்காவது, முனை. மழைநீரும் புழுதியும் உட்புகக்கூடிய இடங்களில் மூடிய முனையுடைய நட்டைக் கொள்வது நலம்.

பொருத்துதல்

துளையிடுமுன் தகட்டின் பின்னே மின்கம்பி, எரிபொருட்குழாய், காற்றுப்பை ஆகியவை இல்லையென உறுதி செய்துகொண்டு, பாட்டரி இணைப்பை நீக்கிவிட வேண்டும். கண்ணாடி அணிதல் இன்றியமையாதது. சென்டர் பஞ்சினால் குறியிட்டு, முதலில் சிறு துளையும் பிறகு முழு அளவுத் துளையும் இட வேண்டும். பரவலாகக் கிடைக்கும் உருளை வடிவ நட்டுகளுள் எம் 5-க்கு 7 மி.மீ., எம் 6-க்கு 9 மி.மீ., எம் 8-க்கு 11 மி.மீ. துளை வழக்கம். எனினும் தயாரிப்பாளர் குறித்த அளவே இறுதியானது. பிசிறை நீக்கும்போது துளை அகலாதவாறு காத்து, வெளிப்பட்ட எஃகு விளிம்பில் துருத்தடுப்புப் பூச்சு இட வேண்டும்.

நட்டின் விளிம்பு தகட்டில் முற்றும் படிந்திருக்க, கருவியை நேராகப் பிடித்து இழுக்க வேண்டும். இழுப்புக் குறைந்தால் நட்டு சுழலும். மிகுந்தால் மரை அறும். முதலில் அதே கனமுள்ள கழிவுத் தகட்டில் இழுத்துப் பார்த்துக் கருவியின் இழுப்பளவைச் சரிசெய்துகொள்க.

சட்டத்தைப் பொருத்தும்போது நேரும் பிழையொன்று உண்டு. சட்டத்திலுள்ள துளை நட்டின் விளிம்பைவிடப் பெரிதாயிருந்தால், போல்ட்டை இறுக்குந்தோறும் நட்டு தகட்டிலிருந்து வெளியே இழுக்கப்படும். எம் 6 போல்ட்டுக்குச் சட்டத்தின் துளை ஏறத்தாழ 6.5 மி.மீ. இருந்தால், சட்டம் விளிம்பின்மீது அழுந்தி நிற்கும், இத்தீங்கு நேராது.

பிழையும் பரிகாரமும்

சுழலும் நட்டினால் விளையும் தொல்லை பெரிது. போல்ட் இறுகவும் மாட்டாது, கழலவும் மாட்டாது. பின்புறம் எட்டாமையால் பற்றுக்கோடும் இல்லை. குண்டும் குழியுமான சாலையில் தளர்ந்த சட்டம் அறுமாயின், தீயணைப்புக் கருவி பயணியின் தலைமேல் விழக்கூடும். அவ்வாறான நட்டின் விளிம்பை இடுக்கியால் பற்றிக்கொண்டு, துளையளவு டிரில்லினால் விளிம்பை அறுத்து நீக்க வேண்டும். துளை அகன்றிருந்தால் அதே நட்டைப் பசையிட்டு ஒட்டுதல் தகாது. துளையை 11 மி.மீ. ஆக்கி எம் 8 நட்டைப் பொருத்துக. அன்றேல் வேறிடத்தில் புதுத் துளை இடுக.

இருக்கை வார், இருக்கை, பிரேக், திசைமாற்றி ஆகியவற்றின் பிணைப்புக்கு இந்நட்டை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. இவை பற்றித் தயாரிப்பாளர் வகுத்த பிணைப்பே உயிர்க்காப்பு.

ஆசிரியர்களுக்கு

ஒரு மி.மீ. தகட்டுத் துண்டொன்றில் 9, 9.5, 10 மி.மீ. அளவுள்ள மூன்று துளைகளை மாணவர் இடுக. மூன்றிலும் ஒரே வகை எம் 6 நட்டை ஒரே இழுப்பில் பொருத்தி, போல்ட்டை அடிவரை இறுக்கி மேலும் திருப்புக. எந்த நட்டு முதலில் சுழல்கிறது என மாணவரே கண்டு எழுதட்டும். அரை மில்லிமீட்டரின் மதிப்பைச் சொற்களைவிட அத்தகட்டுத் துண்டே நன்கு உணர்த்தும்.