10 யூனிட்டுக்கு 305 ரூபாய்: புது ஏசிக்கு முன்னாடி இந்தக் கணக்கு

திண்டிவனம், விழுப்புரம் கத்திரி வெயில்ல, மொட்டை மாடிக்குக் கீழ் ரூம்ல ஏசி இல்லாம தூங்க முடியாது. ஒத்துக்கறேன். ஆனா கரண்ட் பில் எகிறுதுன்னு இஎம்ஐ-ல புது ஏசி எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

வீட்டு மீட்டருக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ரீடிங். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030. ஏன்? 500-ஐத் தாண்டினா, 101 முதல் 200 வரையிலான யூனிட்டோட ரேட் 2.25-லிருந்து 4.50 ஆயிடும். அங்கேயே 225 ரூபாய் போச்சு. அந்த 10 யூனிட்டோட விலை வெறும் 80 தான்! அப்புறம் ரேட் மாறியிருக்கு, உங்க பில்லுக்கான இப்போதைய ரேட்டைப் போட்டுப் பாருங்க.

ஃபில்டர்ல தூசி அடைச்சா ரூம் குளிர நேரமாகும், கம்ப்ரஸர் கூடுதலா ஓடும். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழுவி நிழல்ல காய வைங்க. செலவே இல்ல. செட்டிங்கை ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பே சொல்லுது. சர்வீஸ் ஆள் "கேஸ் கம்மி"ன்னா, லீக் எங்கேன்னு முதல்ல கேளுங்க. பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோற பொருள் இல்ல அது.

இதுக்கப்புறமும் 500 தாண்டுதா? அப்ப புதுசைப் பத்தி யோசிக்கலாம். ஸ்டார் லேபிள்ல வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு இருக்கும். அது 1,600 மணி நேரம் ஓடினா வர்ற கணக்கு. பழைய ஏசி லேபிள்ல இருக்கிற எண்ணிலிருந்து புதுசோட எண்ணைக் கழிச்சு, உங்க ரேட்டால பெருக்குங்க. வர்ற தொகையை வருஷ இஎம்ஐ பக்கத்துல எழுதிப் பாருங்க.