பெட்டியை முன்னே அனுப்பிப் பிரயாணம் செய்யும் முறை

வியாபார நிமித்தம் ஜப்பானுக்குப் போய்வரும் சகோதரர்கள் நம்மிடையே பலருண்டு. ஒஸாகாவில் துணி, டோக்கியோவின் ஒகாச்சிமாச்சியில் கல்லும் நகையும், கோபேயில் முத்து என்று ஒரே வாரத்தில் இரண்டு மூன்று ஊர்களைச் சுற்றிவர வேண்டியவர்கள் இவர்கள். ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு ரயில் நிலையப் படிகளில் ஏறி இறங்கி, வியாபாரம் பேசப் போகுமுன்னே களைத்துப் போகிறார்கள். அந்நாட்டவர் அநேகர் இப்படிச் சிரமப்படுவதில்லை. பெட்டியை முதல் நாளே ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு, கைப்பையுடன் ரயில் ஏறுகிறார்கள். இந்த வசதி வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கும் திறந்தே இருக்கிறது. ஆயினும் முறை தெரிந்து செய்தால்தான் இது சௌகரியம். தெரியாமல் செய்தால், பெட்டி ஓர் ஊரிலும் நாம் ஓர் ஊரிலுமாக நிற்க நேரிடும்.

முதலில் இந்த ஏற்பாடு எப்படித் தோன்றியதென்று சிறிது பார்ப்போம். வியாபாரிகளுக்கு அதிலேயே ஒரு பாடம் உண்டு. 1970-களின் நடுப்பகுதி வரை ஜப்பானில் ஒரு சாதாரணக் குடும்பஸ்தர் பார்சல் அனுப்ப வேண்டுமானால் அவருக்கு இரண்டே வழிகள்தாம். தபாலில் 6 கிலோவுக்கு மேல் ஏற்கமாட்டார்கள். அதற்கு மேற்பட்டதை ரயில் நிலையத்துக்குத் தூக்கிச் சென்று, கயிறு கட்டி, அட்டை தொங்கவிட்டுக் கொடுக்கவேண்டும். யமாத்தோ என்னும் லாரிக் கம்பெனி 1919-இல் நான்கு லாரிகளுடன் டோக்கியோவில் தொடங்கப்பட்டது. 1923 முதல் மித்சுகோஷி என்ற பெருங்கடையின் சரக்குகளை வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும் ஒப்பந்தமும் அதற்கு இருந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது சரக்குகள் குறைந்து, கம்பெனி தள்ளாடியது. அதன் தலைவர் ஒகுரா மசாவோ, பெரிய கம்பெனிகளின் சரக்கை நம்பியிருப்பதை விட்டு, வீட்டுக்காரர்களின் சிறு பார்சல்களைச் சேகரிப்பதென்று தீர்மானித்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் லாரி ஓட்டினால் கட்டுபடியாகாது என்று உள்ளே இருந்தவர்களே எதிர்த்தனர். 1976-ஆம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி 'தக்யூபின்' என்ற பெயரில் வேலை தொடங்கியது. முதல் நாள் வந்த பார்சல்கள் 11. முதல் ஆண்டு முடிவில் தொகை சுமார் 17 லட்சம்!

அந்தப் பதினொன்று லட்சங்களானதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று சில்லறைக் கடைக்காரர்கள். தெருவோரத்து அரிசிக் கடை முதலானவற்றை ஏஜெண்டுகளாக ஆக்கி, பக்கத்து வீட்டார் பார்சலைக் கொண்டுவந்து கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார் ஒகுரா. மூலதனம் போட்டுக் கிளைகள் திறக்காமல், இருக்கும் கடைகளின் நம்பிக்கையையே கிளையாக்கிக்கொண்டார். தூர மார்க்கங்களுக்கான லைசென்ஸ் மனுவைப் போக்குவரத்து அமைச்சு வருஷக்கணக்கில் கிடப்பில் வைத்திருந்தபோது, 1986-இல் அமைச்சின் மீதே வழக்குத் தொடுத்தார். பிறகு லைசென்ஸ் வந்தது. அதற்கு முன்பே, 1983-இல் பனிச்சறுக்குப் பலகைகளையும் 1984-இல் கோல்ப் மட்டைகளையும் பிரயாணிக்கு முன்னதாக விடுதிக்கு அனுப்பும் பிரிவுகள் ஆரம்பமாகிவிட்டன. பெட்டியை முன்னே அனுப்பும் பழக்கம் இந்த வழியில்தான் வேரூன்றியது. இன்று சகாவா, ஜப்பான் தபால் நிறுவனத்தின் யூபாக் ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன.

அனுப்பத்தான் வேண்டுமா, ரயிலில் கொண்டுபோகக் கூடாதா என்று கேட்கலாம். கொண்டுபோகலாம், ஆனால் 2020 மே மாதம் முதல் டோக்கியோ–ஒஸாகா மார்க்கம் உள்ளிட்ட சில ஷின்கான்சென் ரயில்களில் ஒரு விதி உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டுமாயின், அதற்கென்று உள்ள ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். பதிவுக்குத் தனிக் கட்டணம் இல்லை. பதிவின்றி ஏறினால் 1,000 யென் கட்டவேண்டும். 250 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஏற்றவே மாட்டார்கள். சக்கரமும் கைப்பிடியும் இந்த அளவில் சேர்ந்தவை. நம்மவர் விரும்பி வாங்கும் 28 அங்குலப் பெட்டி இந்த எல்லையின் விளிம்பிலேயே நிற்கிறது. ஆகவே ஊரிலேயே நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அனுப்பும் கூலியும் இதே கணக்கில்தான்: மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை, எடை, போகும் தூரம். யமாத்தோவின் தக்யூபின் 200 சென்டிமீட்டர், 30 கிலோ வரை ஏற்கிறது. எடை அதற்கு மேல் போனால், ஒரு பெட்டியை இரண்டாகப் பிரிப்பதே வழி.

இனி, காரியத்தின் உயிரான பகுதிக்கு வருவோம். அது லாரி அல்ல, சீட்டு. பெட்டியின் மேல் ஒட்டப்படும் அந்த ஒரு துண்டுக் காகிதத்தில் உள்ளதைத் தவிர வேறெதுவும் ஹோட்டல்காரருக்குத் தெரியாது. ஹோட்டலின் பெயர், விலாசம், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பலரும் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். விட்டுவிடுவது இரண்டு விஷயங்கள். ஒன்று, நாம் ஹோட்டலில் தங்கத் தொடங்கும் தேதி. இன்னொன்று, அறை யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அந்தப் பெயர். தேதி இல்லாவிட்டால், நாளை வரப்போகிறவருடைய பெட்டியா, போனவர் மறந்துவிட்ட பெட்டியா என்று அவர்கள் எப்படி அறிவார்கள்?

பெயர் விஷயத்தில் நம் சமூகத்தாருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. பாஸ்போர்ட்டில் 'பின்' போட்டுத் தகப்பனார் பெயர் நிற்கும். டிக்கெட் எடுத்த ஏஜெண்டு தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக்கியிருப்பார். ஹோட்டல் பதிவில் சில சமயம் 'பின்' என்பதே குடும்பப் பெயராக அமர்ந்திருக்கும். நாமோ சீட்டில், ஊரில் வழங்கும் கடைப் பெயரையோ முதலெழுத்துடன் கூடிய பெயரையோ எழுதிவிடுகிறோம். இவை நான்கும் ஒரே மனிதர்தாம் என்று ஒஸாகாவில் உள்ள குமாஸ்தா எப்படிக் கண்டுபிடிப்பார்? ஐந்து பேர் சேர்ந்து போனால் கேட்கவே வேண்டாம். ஐந்து பெட்டியிலும் முகம்மது என்று இருக்கும்! ஆகையால் ஹோட்டல் உறுதிச் சீட்டில் பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதை அப்படியே, எழுத்து மாறாமல், பெட்டிச் சீட்டிலும் எழுதவேண்டும். எழுதிவிட்டுப் பதிவு எண்ணையும் சேர்த்தால் இன்னும் உத்தமம்.

அனுப்புமுன் ஹோட்டலுக்கு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம். முன்மேஜையில் ஆள் இருக்கும் ஹோட்டல்கள் பெரும்பாலும் மறுக்கமாட்டா. வாடகை வீடு, சாவிப் பெட்டியில் சாவி எடுத்துக்கொள்ளும் தங்குமிடம் ஆகியவற்றுக்கு அனுப்பினால், வாங்கிவைக்க ஆளில்லாமல் பெட்டி திரும்பிப் போய்விடும். கூலியை அனுப்பும்போதே கட்டிவிடுங்கள். பெறுகிறவர் கட்டுவது என்ற வகையும் உண்டு. ஆனால் நமக்காக ஹோட்டல் பணம் கட்டி வாங்கும் என்று எதிர்பார்க்கலாகாது.

பெட்டியில் எதை வைப்பது என்பதைவிட எதை வைக்கக்கூடாது என்பதே பெரிது. பாஸ்போர்ட்டும் பணமும் ஒருபோதும் அதில் போகக்கூடாது; இதை எல்லோரும் அறிவர். கல், முத்து வியாபாரிகள் அறிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. தக்யூபின் பெட்டி ஒன்றுக்கு நஷ்டஈட்டின் உச்ச வரம்பு 3 லட்சம் யென். அதற்கு மேல் மதிப்புள்ள பெட்டியை அவர்கள் ஏற்பதே இல்லை. மாதிரிக் கற்களை அழுக்குத் துணிகளுக்கிடையே சுருட்டிவைத்து அனுப்பினால் யாருக்குத் தெரியும் என்று நினைப்பவர், பத்திரமாகப் போய்ச் சேரும்வரை புத்திசாலி. தவறினால் கேட்பதற்கு வாயில்லாதவர். அத்துடன், சொன்னது ஒன்று, வைத்தது ஒன்று என்பது நாணயமான காரியமும் அல்ல. கல்லும் முத்தும் கையோடுதான். துணி மாதிரிகள், விலைப் புத்தகங்கள், வாங்கிய உடைகள் இவை தாராளமாகப் போகலாம்.

பெட்டி வந்துசேராத ஓர் இரவைக் கழிப்பதற்கு வேண்டியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாற்றுடை, முஸல்லா, கைத்தொலைபேசி மின்னூட்டி, இவற்றுக்கெல்லாம் முன்னதாக மருந்து. சர்க்கரை வியாதிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மில் ஏராளம். அந்த மாத்திரைகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டி அனுப்பிவிட்டு, அந்நிய ஊரில் மொழி தெரியாமல் இரவு பத்து மணிக்கு மருந்துக்கடை தேடுவது விளையாட்டல்ல. இன்சுலின் ஊசியோ எந்த நிலையிலும் கையை விட்டுப் போகக்கூடாது.

காலக்கணக்கு எளிது. டோக்கியோவில் இன்று கொடுத்தால் ஒஸாகாவில் நாளை சேருவது வழக்கம். ஹொக்கைடோ, கியூஷூ, ஒகினாவா போன்ற தூர இடங்களுக்கு அதற்கு மேலும் ஆகும். 2024 ஏப்ரல் முதல் லாரி ஓட்டுநர்களின் மிகைநேர வேலைக்கு ஆண்டுக்கு 960 மணி என்று சட்டம் வரம்பிட்டிருக்கிறது. அதையொட்டிச் சில மார்க்கங்களில் முன்போல மறுநாளே சேர்வதில்லை. ஓட்டுநர்களும் மனிதர்கள்தாமே, நாம் ஒரு நாளைக் கூட்டி வைத்துக்கொள்வது பெரிய காரியமல்ல. விமான நிலையத்திலிருந்தே ஹோட்டலுக்கு அனுப்பும் மேஜைகள் நரித்தா, ஹனேதா, கன்சாய் மூன்றிலும் உண்டு. ஆனால் இறங்கிய அன்றிரவே பெட்டி கிடைக்கும் என்று கணக்கிடவேண்டாம். சிறந்த வழி, முதல் ஊருக்குப் பெட்டியுடனேயே போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இரண்டாம் ஊருக்கு அனுப்புவது. வியாழக்கிழமை டோக்கியோ ஹோட்டலில் ஒஸாகா விலாசமெழுதிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை ரயிலேறினால், ஷின்-கோபேயில் இறங்கி, 1935-இல் கட்டப்பட்ட கோபே பள்ளிவாசலுக்குக் கைவீசி நடந்தே போய் ஜும்ஆ தொழலாம். முத்துக் கடைகளையும் பார்த்துவிட்டு மாலையில் ஒஸாகா போனால், பெட்டி அங்கே காத்திருக்கும்.

சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ பெட்டியை நேரே ஜப்பான் ஹோட்டலுக்கு அனுப்பலாமா என்றும் கேட்பதுண்டு. அது வேறு கணக்கு. அங்கே சுங்கம் குறுக்கிடுகிறது. தனியாக வரும் சொந்தச் சாமான் என்று சலுகை பெறவேண்டுமானால், நாம் ஜப்பானில் இறங்கும்போதே அறிவிப்புப் பாரத்தை இரண்டு பிரதிகள் எழுதிக் கொடுத்து, ஒன்றில் சுங்க முத்திரை பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்குள் சாமானை எடுத்துவிடவும் வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபின் நினைவு வந்து பிரயோஜனமில்லை. சொந்த உபயோகத்துக்கானவற்றுக்கே இந்தச் சலுகை. விற்பனைச் சரக்கு சாதாரண இறக்குமதியாகவே நடத்தப்படும். இறைச்சி சேர்ந்த பதார்த்தங்களுக்கு அந்நாட்டுக் கால்நடைத் தடுப்புச் சோதனை கண்டிப்பானது. வீட்டில் அன்போடு வறுத்துக் கொடுத்த இறைச்சியைக் கையிலும் கொண்டுபோகக்கூடாது, பெட்டியிலும் வைக்கக்கூடாது.

திரும்பும்போது பெட்டியை விமான நிலையத்துக்கு அனுப்புவதாயின், இரண்டு நாட்களுக்கு முன்பே கொடுத்து, சீட்டில் விமான எண், புறப்படும் தேதி, நேரம், எந்த முனையம் என்பவற்றை எழுதுங்கள். அங்கே மேஜையில் பெட்டியைப் பெற்றுக்கொண்டு, அதன் பிறகே விமானக் கம்பெனியிடம் கொடுக்கவேண்டும். அவர்களே ஏற்றிவிடுவார்கள் என்று எண்ணி நேரே உள்ளே போய்விடக்கூடாது. கையில் உள்ள ரசீதில் ஓர் எண் இருக்கும். பெட்டி எங்கே இருக்கிறதென்று கைத்தொலைபேசியிலேயே பார்க்க அது உதவும். பெட்டி உடைந்தோ சாமான் குறைந்தோ காணப்பட்டால், பெற்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஊர் திரும்பி மெதுவாகத் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், மேஜையிலேயே பூட்டையும் சக்கரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.