சிறுநீரில் இரத்தம், மறைவிடத்தில் கட்டி: வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்



இம்முறை வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன். டிரசருக்கு வேறு வேலையில்லையா என்று தாளை மடித்து வைத்துவிடாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டவர். "ஐயா, படை மாதிரி இருக்கு, மருந்து கொடுங்க" என்றார். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. கதவைச் சாத்திய பிறகுதான் கைலியை விலக்கினார். ஆண்குறியில் கல் போன்ற கட்டி. தொடை இடுக்கில் சிவந்து தடித்த முடிச்சுகள். மூன்று மாதமாக வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியாதாம்! அது படையல்ல. பழைய நோய் பக்கத்துச் சதைக்கும் தோலுக்கும் இறங்கியிருந்தது.

இப்படிப் பரவுவது மிக அபூர்வம். சிறுநீர்ப்பை அடிவயிற்றில் இருக்கிறது. அங்குள்ள புற்று அருகிலுள்ள சதையைத் துளைத்து வளரலாம். நிணநீர்க் குழாய், இரத்தக் குழாய் வழியாகவும் போகலாம். சிலருக்கு ஆபரேஷன் தழும்பிலேயே முளைக்கும். பெண்களுக்குச் சில வேளை பெண்குறியைச் சுற்றி அரிப்போடு சிவந்த புண்ணாக வரும். கரப்பான் என்று நினைத்து மருந்து பூசுவார்கள், ஆறாது. ஆண்குறி தானாக விறைத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் தளராமல் வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கண்ணால் பார்த்து இது புற்றுதான் என்று நானும் சொல்ல முடியாது, டாக்டரும் சொல்ல மாட்டார். சிறு துண்டு சதை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். அந்தப் பெரியவருக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். வலி குறைந்தது. நோய் தீரவில்லை.

அவர் முதலில் கோட்டைவிட்டது வேறிடத்தில். வலியே இல்லாமல் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது, மறுநாள் தெளிந்தது. "சூடு, இளநீர் குடித்தால் போயிடும்" என்று ஒரு வருஷம் விட்டுவிட்டார். இந்த நோய்க்கு அதுதான் முதல் அறிகுறி. நின்று நின்று வரும், ஏமாற்றும். சிவப்பு டிராகன் பழமோ பீட்ரூட்டோ தின்றாலும் நிறம் மாறும், உண்மைதான். எதுவும் தின்னாமல் ஒரே ஒருமுறை சிவந்தாலும் காட்டுங்கள். குழாய் விட்டுச் சிறுநீர்ப்பைக்குள் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் கண்டால் அந்தக் குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம்.

"பால் வெட்டுறதால வருமா?" என்று கேட்கிறார்கள். டயர்த் தொழிற்சாலைகளில் ரப்பரோடு கலந்த ஒரு ரசாயனத்தால் பலருக்கு இந்நோய் வந்தது. பிரிட்டனில் 1949-இல் அதை நிறுத்தினார்கள். அது மரத்துப் பாலில் உள்ளதல்ல. நம் ஆட்களுக்குப் பெரிய எதிரி சிகரெட்டும் சுருட்டும்தான். இந்நோய் வருபவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் காரணம் புகை.

ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்கள், இடுப்புக்குக் கீழே புதிதாக முடிச்சோ ஆறாத புண்ணோ கண்டால் பழைய ஆஸ்பத்திரிக் கார்டையும் கையோடு கொண்டு வாருங்கள். என்னிடம் காட்டக் கூச்சப்படும் பெண்கள் கிளினிக் மிஸ்ஸியிடம் காட்டலாம். நான் கடிதம் எழுதித் தருகிறேன், காரணம் கேட்க மாட்டேன்.