அப்பாவின் முகவரி நோட்டைக் கைபேசியில் ஏற்றுவது

எங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் பீரோவிலிருந்து முதலில் இறங்குவது அப்பாவின் முகவரி நோட்டு. நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த கையெழுத்து. ஒரு வரி அடிக்கப்பட்டு, அதன்மேல் புது முகவரி; அதையும் அடித்து ஓரத்தில் இன்னொன்று. தங்கை மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்ப உட்கார்ந்தபோது, அதிலிருந்த இருநூற்றெண்பது சொச்சம் முகவரிகளையும் கைபேசியில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அத்தனையையும் விரலால் தட்ட முடியாது. அதனால் இருக்கிற வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன்.

எந்த வழி நல்லது என்பது, முகவரி இப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அச்சில் இருக்கிறதா, கையெழுத்தில் இருக்கிறதா, இன்னும் அந்த வீட்டுக்காரர் வாயிலேயே இருக்கிறதா?

அச்சில் இருந்தால் கேமராவே போதும். பழைய கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கூரியர் உறை எதுவானாலும் கூகுள் லென்ஸைத் திறந்து படம் பிடித்து, எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் தொடர்புப் பட்டியலில் ஒட்டிவிடலாம். அச்சுத் தமிழை லென்ஸ் நன்றாகவே படிக்கிறது. சறுக்கும் இடங்கள் சில உண்டு. துணைக்கால் 'ர' ஆகிவிடும். ண, ன இடம் மாறும். சென்னை முகவரிகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்கள் சாய்கோட்டோடு வரும். அந்தக் கோட்டை 1 என்று படித்துவிட்டால் 12/25 என்பது 12125 ஆகிவிடும். ஒட்டியவுடன் எண்களை மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். பத்திரிகையின் அலங்கார எழுத்து, பளபளப்பான தாள் இரண்டும் கேமராவுக்கு ஆகாது. தாளைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் போடாமல் எடுங்கள்.

கையெழுத்து வேறு கதை. ஆங்கிலப் பெரிய எழுத்தில் பிரித்துப் பிரித்து எழுதியிருந்தால் லென்ஸ் ஓரளவு படிக்கும். அப்பாவின் கூட்டெழுத்துத் தமிழில் அது ஊர்ப் பெயரைக்கூடத் தேற்றவில்லை. ஜெமினி, சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களிடம் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தால் லென்ஸைவிட நன்றாகப் படிக்கின்றன என்பது உண்மை. ஆனால் எனக்கு அதில் ஒரு பயம் இருக்கிறது. லென்ஸ் படிக்க முடியாததைக் குப்பையாகக் காட்டும். தவறு கண்ணில் பட்டுவிடும். இவையோ படிக்க முடியாத இடத்தைப் பொருத்தமான ஒரு தெருப் பெயரால், ஆறு இலக்கப் பின்கோடால் நிரப்பிவிடக்கூடும். பார்க்கச் சரியாகவே இருக்கும். அதோடு, உறவினர் இருநூறு பேருடைய வீட்டு விலாசத்தை அவர்களைக் கேட்காமல் வெளியே ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கிறோம். நான் அந்த வழியில் போகவில்லை.

கையெழுத்து நோட்டுக்கு எனக்குக் கைகொடுத்தது குரல். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் 2017 முதல் தமிழில் பேசித் தட்டச்சு செய்யலாம். விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்த்து, மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக விழும். நேராகத் தொடர்புப் பட்டியலின் கட்டங்களுக்குள் பேசாமல், கூகுள் கீப் போன்ற குறிப்பேட்டில் பேசி, சரிபார்த்தபின் எடுத்து ஒட்டுவது நல்லது. வரிக்கு வரி நிறுத்திப் பேச வேண்டும். பின்கோடை 'ஆறு, இரண்டு, ஏழு' என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். அப்போதும் எண் சில நேரம் எழுத்தாக விழும். அவற்றை மட்டும் கையால் மாற்றினேன். சின்ன ஊர்களின் பெயர்களை அது தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடும். அங்கேயும் கை வைக்க வேண்டியிருந்தது.

இந்த வழியில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேகம் அல்ல. அம்மா நோட்டைப் பிரித்து வைத்து வாசித்தார், நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாவது பெயரிலேயே நிறுத்தினார். "இவர் போய் மூணு வருஷம் ஆச்சுப்பா. மகன்தான் திருச்சியில இருக்கான், அவன் நம்பரை வாங்கு" என்றார். இன்னொரு பக்கத்தில், "இந்த வீட்டை வித்துட்டாங்க" என்றார். எந்தக் கேமராவும் இதைச் சொல்லியிருக்காது. வீட்டில் வாசிக்கப் பெரியவர் ஒருவர் இருந்தால், கையெழுத்து நோட்டுக்கு இதைவிட நல்ல வழியை நான் சொல்லமாட்டேன். நாளுக்கு நாற்பது முகவரி என்று வைத்துக்கொண்டோம். ஒரு வாரத்தில் முடிந்தது.

மூன்றாவது, ஆளிடமே கேட்டுவிடுவது. வாட்ஸ்அப்பில், "மாமா, பத்திரிகை தபாலில் அனுப்பணும். உங்க வீட்டு முகவரியைப் பின்கோடோட எழுதி அனுப்புங்க" என்று கேட்டால் பெரும்பாலோர் அன்றே அனுப்பிவிடுகிறார்கள். செய்தியை அழுத்திப் பிடித்து நகலெடுத்து ஒட்டினால் வேலை தீர்ந்தது. 'எழுதி' என்ற சொல் முக்கியம். இல்லாவிட்டால் பலர் வரைபடப் புள்ளியை அனுப்புவார்கள். அது வண்டியில் போகிறவருக்கு உதவும். உறையின் மேல் எழுத உதவாது. சிலர் ஆதார் அட்டையையே படமெடுத்து அனுப்பினார்கள். அதை நாமாகக் கேட்கவே கூடாது. வந்தால் விலாசத்தை எடுத்துக்கொண்டு படத்தை அழித்துவிடுங்கள்.

ஐம்பது பேருக்கு மேல் என்றால் ஒவ்வொரு செய்தியாக ஒட்டுவதும் சலித்துவிடும். பழைய மாணவர் சங்கம், குடியிருப்போர் சங்கம், சிறுபத்திரிகைச் சந்தாதாரர் பட்டியல் போன்றவற்றுக்குக் கூகுள் ஃபார்ம் பொருத்தமானது. அவரவர் தங்கள் முகவரியைத் தாங்களே நிரப்புவார்கள்; எல்லாம் ஓர் அட்டவணையில் வந்து சேரும். அதைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கி, கணினியில் கூகுள் கான்டாக்ட்ஸ் தளத்தில் ஒரே மூச்சில் ஏற்றலாம். தலைப்பு வரிசை அந்தத் தளம் எதிர்பார்க்கும் விதத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. முதலில் ஒரே ஒருவரை முழு முகவரியோடு கையால் பதிந்து, அதைச் சிஎஸ்வி-யாக ஏற்றுமதி செய்யுங்கள். எந்தக் கட்டத்துக்கு என்ன தலைப்பு என்பதை அந்தக் கோப்பே காட்டிவிடும். அந்தத் தலைப்புகளின் கீழ் உங்கள் அட்டவணையை ஒட்டிக்கொள்ளலாம். எக்செல்லில் சேமிப்பதாக இருந்தால் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்றால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

ஏற்றியபின் ஒரே ஆள் இரண்டு முறை வந்திருந்தால், இரட்டைகளைச் சேர்க்கும் வசதி அந்தத் தளத்திலேயே இருக்கிறது. மொத்தமும் குளறுபடியானால் கடந்த 30 நாளுக்குள் எந்த நிலைக்கும் பட்டியலைத் திருப்பலாம். ஆகவே துணிந்து செய்யலாம்.

ஆனால் பெரியப்பாவுக்கு ஃபார்ம் அனுப்புவது முறையல்ல என்பது என் கருத்து. எண்பது வயதுக்காரர் அந்தக் கட்டங்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அவருக்குப் போன் செய்து நலம் விசாரித்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டும்.

டிடிபி கடையில் கொடுத்து அடித்து வாங்குவதும் ஒரு வழி. அப்படிக் கொடுத்தால் யூனிகோடில் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் கைபேசியில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன. ஆனாலும் அது இரட்டை வேலை.

எந்த வழியில் ஏற்றினாலும் கிராமத்து முகவரி கட்டத்துக்குள் அடங்காது. கைபேசிக்குத் தெரிந்தது தெரு, நகரம், மாநிலம், பின்கோடு. நமக்கோ ஊர், அஞ்சல், வழி, வட்டம், மாவட்டம் எல்லாம் வேண்டும். பிரித்துப் போட முயன்று நேரத்தை இழக்காதீர்கள். முழு முகவரியையும் தெருக் கட்டத்திலேயே வரி வரியாகப் போட்டு, பின்கோடை மட்டும் தனிக் கட்டத்தில் வையுங்கள். பின்னால் உறைக்கு லேபிள் அடிக்க அதுவே வசதி.

பின்கோடுதான் சரிபார்க்கும் கருவியும். இந்தியாவில் அது 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் எல்லாம் 6-இல் தொடங்கும். முதல் மூன்று இலக்கம் 600 என்றால் சென்னை, 625 என்றால் மதுரை, 641 என்றால் கோவை. மதுரை முகவரிக்கு 652 என்று இருந்தால் எங்கோ இலக்கம் புரண்டிருக்கிறது. பழைய நோட்டில் 'சென்னை-4' என்று மட்டும் இருந்தால் அது மயிலாப்பூர், 600004. 'சென்னை-17' என்றால் தியாகராய நகர், 600017. மாவட்டப் பெயரை நம்பாதீர்கள். திருநெல்வேலி மாவட்டம் என்று அப்பா எழுதிய பல ஊர்கள் 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றன. அவற்றின் பின்கோடு அப்படியே 627-இல்தான் தொடங்குகிறது. சந்தேகம் வந்தால் இந்திய அஞ்சல் துறையின் தளத்தில் ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடலாம்.

அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டையும் கொண்டுவந்தது. ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் இடத்தை அது சுட்டும். கதவு எண்ணே இல்லாத தோட்டத்து வீடுகளுக்கு அதைக் குறிப்புப் பகுதியில் சேர்த்து வைக்கலாம். பின்கோடுக்கு அது மாற்று அல்ல.

எங்கள் வீட்டுப் பத்திரிகைகளில் நான்கு திரும்பி வந்தன. நான்கும் பழைய அழைப்பிதழ்களிலிருந்து கேமராவில் எடுத்து, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் ஒட்டியவை. இரண்டு பேர் வீடு மாறியிருந்தார்கள். ஒருவரின் கதவு எண் தவறு. இன்னொருவர் மகளோடு பெங்களூரு போய்விட்டார். நான்கு பேரையும் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, புது முகவரியை அவர்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.